முத்துராஜவெலச் சதுப்புக் காடும் மக்கட் பணியும் – ஒரு வரலாற்று நோக்கு

காடு ஊருக்குப் புறத்தே கிடக்கும் வெற்று நிலமன்று, ஊரின் வாழ்வோடு பிணைந்த நிலம் என்னும் உணர்வு தமிழர்க்கு மிகப் பழையது. நிலத்தைத் திணைகளாகப் பகுத்த சங்கச் சான்றோர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரத்தையும் மக்களையும் தொழிலையும் ஒருசேரவே எண்ணினர். நெய்தல் நிலத்துப் பாடல்களிற் புன்னையும் தாழையும் கண்டலும் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. நற்றிணையின் 172ஆம் பாடல் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. சிறுமியர் மணலில் விளையாட்டாக அழுத்தி மறந்துவிட்ட விதை முளைத்துப் புன்னையாகின்றது. பாலும் நெய்யும் வார்த்து அதனை வளர்க்கின்றனர். பின்னர் அம்மரம் உனக்குத் தமக்கை முறையாகும் என்று தாய் கூற, அதன் நிழலில் நின்று தலைவனோடு நகையாடத் தலைவி நாணுகின்றாள். இங்கு மரத்தை உறவாக்கியது விதையை இட்ட செயலன்று. அதனை நாள்தோறும் பேணிய செயலே என்பது கருதற்பாலது.

நடுதலுக்கும் பேணுதலுக்கும் இடையே உள்ள இவ்வேறுபாடு, கொழும்புக்கு வடக்கே வத்தளையை ஒட்டிக் கிடக்கும் முத்துராஜவெலச் சதுப்புக் காட்டின் வரலாற்றிலும் தொடர்ந்து காணப்படுகின்றது. ஐந்து நூற்றாண்டுகளாக அக்காட்டை ஆள்வோர் பலவாறு திட்டமிட்டு வந்துள்ளனர். அண்மைக் காலத்தில் மாணவரும் தொண்டர்களும் அதனைக் காணவும் அங்கு பணி செய்யவும் சென்று வருகின்றனர். இவ்விருவகை முயற்சிகளின் போக்கையும் ஆராய்ந்து, அவற்றுள் நிலைத்தவை எவை, நிலையாதவை எவை என நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

களனி கங்கையைக் கடந்து வடக்கே செல்வோர் முதலில் அடைவது வத்தளை. தமிழர் கணிசமாக வாழும் இப்பட்டினத்தின் கடைத்தெருவையும் நெருங்கிய குடியிருப்புக்களையும் காண்போர், அதற்கு அணித்தாகவே இலங்கையின் மிகப் பெரிய கரையோரச் சதுப்பு நிலம் ஒன்று தொடங்குகின்றது என்பதை எளிதில் நம்பார். தெற்கே களனி ஆற்றுச் சமவெளிக்கும் வடக்கே நீர்கொழும்புக் கடனீரேரிக்கும் இடையே, கடற்கரை மணற்றிட்டுக்குப் பின்னாக இந்நிலம் நீண்டு கிடக்கின்றது. சதுப்பின் பரப்பு 3,068 ஹெக்டேயர். கடனீரேரியின் பரப்பு 3,164 ஹெக்டேயர். இரண்டும் நீரால் இணைந்த ஒரே அமைப்பாகும். இதன் முற்றா நிலக்கரிப் படிவு ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழைமையுடையதென மதிப்பிடப்பட்டுள்ளது.

தண்டுகம் ஓயா முதலிய ஆறுகளின் நன்னீர் ஒருபுறம். கடனீரேரியின் வழியே ஏறி இறங்கும் உவர்நீர் மறுபுறம். நன்னீர் மிகுந்த இடத்திற் கோரையும் நாணலும் அடர்ந்துள்ளன. உவர்நீர் எட்டும் ஏரிக்கரையிற் கண்டல் மரங்கள் வேரூன்றியுள்ளன. சிதம்பரத்துக்குப் பெயர் தந்ததும் அத்தலத்துக்கு விருட்சமானதுமாகிய தில்லையும் இக்கரைகளில் வளரும் மரமே. ஏறத்தாழ 190 தாவர இனங்களும் 200க்கு மேற்பட்ட முதுகெலும்புள்ள உயிரினங்களும் இங்கு பதிவு செய்யப்பட்டுள்ளன. இவ்வளவும் உவர்நீருக்கும் நன்னீருக்கும் இடையிலான சமநிலையிலேயே தங்கியுள்ளன. முத்துராஜவெலயின் வரலாறு பெரும்பாலும் இச்சமநிலையை மனிதர் கலைத்ததும் பின்னர் அதனை மீட்க முயன்றதுமான வரலாறு எனலாம்.

மன்னரும் அந்நியரும்

‘வெல’ என்னும் சிங்களச் சொல் வயலைக் குறிப்பது. அரசனுக்குரிய முத்துப் போன்ற நெல் விளைந்த வயல் என இப்பெயருக்குப் பொருள் கூறுவர். கோட்டை இராச்சியக் காலத்தில் இங்கு நெல் விளைந்ததாக மரபு உண்டு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட வீர பராக்கிரமபாகு, ஊர்களிலிருந்து பாக்கு, மிளகு, கறுவா முதலிய பொருட்களை நீர்கொழும்புத் துறைக்குக் கொண்டுசெல்லக் கால்வாய்கள் வெட்டுவித்தான் எனவும் கூறப்படுகின்றது. பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இதே நீர்வழிகளை விரிவாக்கினர். கறுவா வாணிகத்தை உயிராகக் கொண்ட ஒல்லாந்தர்க்குக் கொழும்பையும் நீர்கொழும்பையும் புத்தளத்தையும் இணைக்கும் கால்வாய் இன்றியமையாததாயிற்று.

கால்வாயால் வாணிகம் வளர்ந்தது; ஆயின் அதனூடாக உவர்நீரும் உட்புகுந்தது. நெல்வயல்கள் படிப்படியாகப் பாழாயின. 1796இல் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பிரித்தானியர் இக்கேட்டை நீக்க எண்ணினர். வருவாய்ப் பொறுப்பிலிருந்த கவின் ஹமில்டனின் பெயரால் வழங்கும் ஹமில்டன் கால்வாய் 1802இல் தொடங்கப்பெற்று 1804இல் முடிவுற்றது. ஏறத்தாழ 14.5 கிலோமீற்றர் நீளமுடைய அக்கால்வாய் உவர்நீரை வடித்து வயல்களை மீட்கும் என எதிர்பார்க்கப்பட்டது. எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை, வற்றுப்பெருக்கு அக்கால்வாய் வழியாகவும் உள்ளே ஏறிற்று. வயலாக்க முயன்ற நிலம் மீண்டும் சதுப்பாகவே நின்றது. வெளியிலிருந்து வகுக்கப்பட்ட திட்டம் ஒன்று இந்நிலத்தின் இயல்பை அறியாமல் தோற்றமைக்கு இது முதற் சான்று எனலாம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மற்றொரு மாற்றத்தை ஏற்படுத்திற்று. உரிமை காட்டப்படாத காடுகளும் தரிசுகளும் முடிக்குரியன என அது கொண்டது. மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பரவ இச்சட்டம் துணை செய்தமை நன்கு அறியப்பட்டது. எழுத்துப் பத்திரமின்றி ஊரார் கூடிப் பயன்கொண்டும் கூடிக் காத்தும் வந்த நிலம் இதனால் ‘யாருக்கும் உரியதல்லாத நிலம்’ என்னும் கணக்கிற் சேர்ந்தது. அவ்வாறு கணிக்கப்பட்ட நிலத்தைக் காக்கும் கடப்பாடும் ஊராரிடமிருந்து நழுவிற்று.

ஊரார் வகுத்த ஒழுங்கு

ஆயினும் நீரின்மேல் ஊராரின் ஒழுங்கு முற்றாக அழிந்துவிடவில்லை. நீர்கொழும்புக் கடனீரேரியின் வாயிலில் நடைபெறும் கட்டுவலை மீன்பிடி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரவில் வற்றுநீரோடு கடலை நோக்கிச் செல்லும் இறாலைப் பிடிக்க, நீரிற் கம்பு நட்டு வலை கட்டுவர். வலை கட்டத்தக்க இடங்கள் சில, உரிமையுடையோர் பலர். ஆகையால் நான்கு மீனவர் சங்கங்கள் நாள் முறையிலும் சீட்டுக் குலுக்கும் முறையிலும் இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பரம்பரையாக வந்த இவ்வழக்கத்தை 1958இல் அரசு ஒழுங்குவிதிகளாக ஏற்றுக்கொண்டது. சட்டம் வழக்கத்தைப் பின்தொடர்ந்தமை இங்கு கவனிக்கத்தக்கது.

கண்டற் காட்டோடு நேர்த் தொடர்புடையது கிளைக்குவை மீன்பிடி. கண்டல் மரக்கிளைகளை ஏரியின் ஆழங் குறைந்த பகுதியில் வட்டமாக நட்டு வைப்பர். மீன்கள் அவற்றிடையே புகலிடமும் இரையும் தேடி வந்து தங்கும். சில வாரம் கழித்து அதனை வலையாற் சூழ்ந்து மீனைப் பிடிப்பர். நீரிற் கிளைகள் உளுத்துப்போவதால் புதுக் கிளைகள் இடையறாது வேண்டப்படும். மேலோட்டமாக நோக்கின் இது காட்டை அழிக்கும் தொழிலாகத் தோன்றும். ஆனால், கிளை வேண்டியோரே ஏரிக்கரைகளிற் கண்டலை நட்டு வளர்த்தும் வந்துள்ளனர். நாளைக்கும் கிளை வேண்டும் என்னும் தேவையே இன்று மரத்தை அடியோடு வெட்டாமற் காத்தது. காட்டிலிருந்து பயன் பெறுவோன் மீண்டும் அக்காட்டுக்கு வரவேண்டியவனாயிருந்தால் அதனைப் பேணுவான் என்னும் உண்மையை இத்தொழில் புலப்படுத்துகின்றது.

களையும் கல்வியும்

இந்நீர்நிலைகளுக்கு நேர்ந்த கேடுகளுள் அயல்நாட்டுக் களைகளின் பரவல் ஒன்றாகும். அழகிய பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் வேகமாகப் பரவவே, 1909இல் அதனை ஒழிப்பதற்கெனத் தனிக் கட்டளைச் சட்டமே இயற்றப்பட்டது. களையொன்றுக்காகச் சட்டமியற்றியும் களை ஒழியவில்லை. கால்வாய்களில் அது இன்றும் மிதக்கின்றது. சல்வீனியாவின் கதை பல்கலைக்கழகத்தார் சிந்திக்கவேண்டியதாகும். 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதியினர் ஆய்வுக்கென வருவித்த இச்செடி, அங்கிருந்து வெளியேறி வயல்களையும் குளங்களையும் மூடிற்று. பல்லாண்டுகள் கழிந்தபின், 1980களில், அதனை மட்டுமே உண்ணும் சிறுவண்டொன்றை விட்டு ஆய்வாளர் அதனைப் பெருமளவு கட்டுப்படுத்தினர். அறிவால் விளைந்த கேட்டை அறிவே திருத்திற்று. எனினும், கேடு விளைய ஒரு சிறு கவனக்குறைவு போதியதாயிருக்க, திருத்தம் ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட உழைப்பை வேண்டிற்று. முத்துராஜவெலயில் இன்று பரவி நிற்கும் சதுப்பு நிலச் சீத்தா மரமும் இவ்வாறு அயலிலிருந்து வந்ததே.

சரணாலயமும் நிரப்பப்பட்ட நிலமும்

கொழும்பு விரிவடைய, வத்தளைப் பக்கத்துச் சதுப்பு நிலம் ‘பயனற்று’க் கிடக்கும் நிலமாகக் கருதப்பட்டது. நிலம் நிரப்பும் திட்டங்கள் எழுந்தன. 1991இல் இப்பகுதியின் சுற்றாடல் நிலை விரிவாக ஆராயப்பட்டு, முழுப்பரப்புக்கும் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. காக்கப்படவேண்டிய பகுதி, இடைப்பகுதி, அபிவிருத்திக்குரிய பகுதி என அது நிலத்தைப் பாகுபடுத்திற்று. 1996இல் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வத்தளையை அடுத்த தென்பகுதி மணலால் நிரப்பப்பட்டது. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாற்று மின்நிலையம் 2010இல் முற்றுப்பெற்றது. 2013 ஒக்டோபரிற் கொழும்பு – கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. அதில் விமான நிலையம் செல்வோர் இருமருங்கும் காணும் பசும்பரப்பு இச்சதுப்பே. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டபின், கொழும்பு நகரின் குப்பை கெரவலப்பிட்டிக்குத் திருப்பப்பட்டது. ஓரிடத்து ஏழை மக்களை மூடிய சுமை மற்றோரிடத்துச் சதுப்பின் ஓரத்தில் இறக்கப்பட்டது.

சரணாலயப் பிரகடனம் வீணானது என இதனாற் கூறுதல் பொருந்தாது. அஃதின்றேல் வடபகுதியும் இன்று எஞ்சியிராது. ஆனால், சரணாலயத்துள் தனியார் நிலமும் இருக்கலாம் என்பது அச்சட்டத்தின் இயல்பு. எல்லைகள் தாளில் தெளிவாக இருந்தனவாயினும் மண்ணிற் கண்காணிப்போர் குறைவாயிருந்தனர். இரவோடிரவாக மண் கொட்டி நிலம் நிரப்புதலும் கழிவு கொட்டுதலும் தொடர்ந்தன. 2021 ஒக்டோபரில் இப்பகுதியை நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ்க் கொண்டுவரும் வர்த்தமானி வெளிவந்தபோது, சுற்றாடல் அமைப்புக்களும் இக்கரையோரக் கத்தோலிக்க மக்களின் சமயத் தலைவர்களும் அதனை எதிர்த்து நீதிமன்றை நாடினர். நிலத்தைக் காப்பதற்கே அம்மாற்றம் என அரசு தரப்புக் கூறிற்று. நீண்டகால அனுபவமுடைய மக்கள் அதனை ஐயத்தோடு நோக்கினர்.

இந்நிலம் ‘பயனற்றது’ அன்று என்பதை 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்காற் காட்டிற்று. எமர்ட்டன், கெகுலந்தல ஆகிய இருவர் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்துக்காக மேற்கொண்ட அம்மதிப்பீட்டின்படி முத்துராஜவெல தரும் பயனின் பெறுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 72 கோடி 65 இலட்சம் ரூபா. அதில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்கும் பயனுக்கு உரியது. பெருமழைக் காலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கனமீற்றர் நீரை இச்சதுப்பு ஏற்று, பின்னர் மெல்லக் கடலுக்கு விடுகின்றது. 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருக்கெடுத்தபோது ஆற்றங்கரை மக்கள் பட்ட துன்பத்தை நினைவிற் கொள்வோர்க்கு இவ்வெண்ணின் பொருள் விளங்கும். நிரப்பப்படும் ஒவ்வொரு துண்டு நிலத்திலும் நிற்கவேண்டிய நீர் வேறெங்கோ ஒரு வீட்டுக்குள் நிற்கவேண்டியதாகின்றது.

தொண்டர் பணி

கூலி கருதாது பொதுநலனுக்கு உடலுழைப்பைத் தருதல் இந்நாட்டு இரு மொழியினர்க்கும் பழகிய நெறி. ஏழாம் நூற்றாண்டிற் கையில் உழவாரப்படை ஏந்திக் கோயில்தோறும் சென்று புல்லும் களையும் செதுக்கிய திருநாவுக்கரசரைத் தமிழர் அப்பர் என வணங்குகின்றனர். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொளுவ என்னும் பின்தங்கிய ஊருக்குச் சென்று ஊராரோடு உழைத்தார். சர்வோதய இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. ‘சிரமதானம்’ என்னும் சொல் தமிழிலும் நிலைபெற்றது.

முத்துராஜவெலயில் இந்நெறி பல வடிவங்களிற் காணப்படுகின்றது. ஹமில்டன் கால்வாயோரம் போபிட்டியவில் அமைந்த பார்வையாளர் நிலையத்திலிருந்து படகு ஏறுவோர்க்கு அவ்வூரவரே வழிகாட்டிகளாயுள்ளனர். பள்ளி மாணவரும் பல்கலைக்கழகத்தாரும் கால்வாய் வழியே சென்று கடனீரேரியை அடைந்து கண்டற்கரைகளையும் நீர்ப்பறவைகளையும் காண்கின்றனர். வழிகாட்டி ஒருவனின் வருவாய் காடு நிலைப்பதிலே தங்கியிருத்தலால், காட்டின் முதற் காவலனும் அவனேயாகின்றான். கிளை வேண்டிக் கண்டலை நட்ட மீனவனின் நிலையும் இதுவே.

2021ஆம் ஆண்டு தொண்டர் பணியின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டிற்று. அவ்வாண்டு மே 20ஆந் திகதி கொழும்புக்கு அப்பாற் கடலில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்னும் கப்பல் தீப்பற்றிற்று. ஜூன் 2ஆந் திகதி அது மூழ்கத் தொடங்கிற்று. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் கலந்தன. பமுனுகமவை அடுத்த சரக்குவைக் கடற்கரையில் அவை வெண்பனிபோற் குவிந்தன. படையினரோடு தொண்டர்களும் சல்லடை கொண்டு அரித்தனர். மேற்பரப்பு விரைவில் தூய்மையாகிவிட்டது போலத் தோன்றியது. ஆனால், மணலைக் கிளறுந்தோறும் மணிகள் வெளிப்பட்டன. செய்தி பழசாகிப் பலரும் அதனை மறந்தபின்னும் சில தொண்டர் குழுக்கள் திரும்பத் திரும்ப அங்கு சென்று மணலை அரித்தன. பணியின் பெரும்பகுதி கூட்டம் கலைந்த பிறகே தொடங்கிற்று என்பது தகும்.

நட்டோரும் வளர்த்தோரும்

திரும்பிச் செல்லாத தொண்டின் விளைவை 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிந்திய அனுபவம் நன்கு விளக்கும். கண்டற் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் என்னும் செய்தி பரவவே, நாடெங்கும் பல நிறுவனங்களும் ஆர்வலரும் கரையோரங்களிற் கண்டல் நட முனைந்தனர். பின்னர் றுகுணு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர் 23 இடங்களைச் சென்று பார்த்து 2017இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நடப்பட்ட பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேயர்; அதில் 200 முதல் 220 ஹெக்டேயர் பரப்பிலேயே மரம் தப்பியிருந்தது. 9 இடங்களில் ஒரு செடிகூட எஞ்சவில்லை. பொருந்தாத இடத்திற் பொருந்தாத இனத்தை நட்டமை, கால்நடைகளின் மிதிப்பு, யாவற்றுக்கும் மேலாக நட்டபின் பராமரிப்போர் இன்மை ஆகியவை காரணங்களாகக் காணப்பட்டன. நல்லெண்ணம் குறைவாயிருந்தது என எவரும் கூறார்; திரும்பி வருதலே குறைவாயிருந்தது.

இதற்கு மறுதலையான சான்று தில்லைக்கு அணித்தாகவே உள்ளது. சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் கண்டற் காட்டில் நெடுங்காலம் பகுதி பகுதியாக மரங்கள் முற்றாக வெட்டப்பட்டமையால் மண் காய்ந்து தாழ்ந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்பு மிகுந்தது. அங்கு மரம் மீளவும் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊராருடன் சேர்ந்து மீன்முள் வடிவிற் கால்வாய்கள் வெட்டி வற்றுப்பெருக்கு உள்ளே வந்து மீள வழிசெய்தன. அதன் பின்னரே நாற்றுக்கள் நடப்பட்டன. கால்வாய்களில் வண்டல் படியுந்தோறும் அதனை அகற்றும் பொறுப்பும் வகுக்கப்பட்டது. நீரின் போக்கு அறியப்பட்டமையாலும் வேலை தொடர்ந்தமையாலும் காடு மீண்டது. கால்வாய் வெட்டி முத்துராஜவெலயின் சமநிலையைக் கலைத்ததும் மனிதனே. கால்வாய் வெட்டிப் பிச்சாவரத்தின் சமநிலையை மீட்டதும் மனிதனே. நிலத்தின் இயல்பை அறிந்தமையும் அறியாமையுமே வேறுபாடு.

இலங்கையிலும் இப்படிப்பினை ஏற்கப்பட்டு வருகின்றது. முத்துராஜவெலயூடாக வடக்கு நோக்கிச் செல்லும் பழைய கால்வாய்த் தொடரிலேயே சிலாபம் உள்ளது. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட ‘சுதீச’ என்னும் மீனவர் அமைப்பு 2015 முதல் கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்க, அவர்கள் தத்தம் ஊர்க் கண்டற் காட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2016இல் பம்பலவில் கண்டற் காட்டு அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. 2018இல் கொழும்பு நகர், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் ஒன்றாயிற்று. 2024இல் இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலகுக்கு முன்மாதிரியான திட்டங்களுள் ஒன்றாகத் தெரிந்தெடுத்தது. இப்பெருமைகள் மகிழ்ச்சிக்குரியன, எனினும் கௌரவமும் வர்த்தமானியைப் போன்று ஒருநாட் செயலே. அதன் பின்னர் வரும் நாட்களே காட்டின் விதியைத் தீர்மானிக்கும்.

முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மன்னர், ஒல்லாந்தர், பிரித்தானியர், பிற்கால அரசுகள் ஆகிய அனைவரும் முத்துராஜவெலக்கு ஒவ்வொரு முறை வந்து ஒவ்வொன்று செய்து சென்றனர். கிளைக்குவை நட்ட மீனவரும் படகு செலுத்தும் வழிகாட்டிகளும் சல்லடையோடு மீண்டும் சென்ற தொண்டர்களும் திரும்பத் திரும்ப வந்தனர். சட்டம் வேலியாக நிற்கலாம். வேலியைச் சுற்றி வருவோர் இல்லாதவிடத்து அது சாய்ந்துவிடும்.

பல்கலைக்கழக மாணவர்க்கு இதிற் குறிப்பான கடமை உண்டு. ஆண்டுக்கொரு நாள் வாகனத்திற் சென்று நாற்று நட்டுப் படம் எடுத்துத் திரும்புதல் எளிது. ஒரே கரையைப் பருவந்தோறும் சென்று கண்டு, நீரின் உப்பையும் நாற்றின் உயரத்தையும் களையின் பரவலையும் குறித்து வைத்து, அக்குறிப்பை அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைத்தல் கடினம். பட்டம் பெற்றவர் வெளியேறினும் பல்கலைக்கழகம் நிலைத்திருப்பதால், இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் திரும்பி வருதல் அதற்கு இயலும். சல்வீனியாவை வெளியே விட்ட கல்விக்கழகங்கள் இச்சதுப்புக்குப் பட்ட கடனும் அதுவே. மணலில் அழுத்திய விதையை மறந்த சிறுமியர், அது முளைத்தபின் நாள்தோறும் பால் வார்த்தமையாலேயே அதற்குத் தங்கையராயினர். வத்தளையின் விளிம்பில் நிற்கும் கண்டலும் தில்லையும் அத்தகைய உறவினரையே எதிர்நோக்கி நிற்கின்றன.